உடற்திணிவுச் சுட்டி: எண் சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

கடந்த தவணையில் ஒரு நாள் இடைவேளையின்போது, எமது ஆசிரியர் ஓய்வறையில் எல்லோரும் கைத்தொலைபேசியில் தமது உடற்திணிவுச் சுட்டியைக் கணக்கிட்டுக் கொண்டிருந்தோம். 1.65 மீற்றர் உயரமும் 66.5 கிலோகிராம் நிறையும் கொண்ட சக ஆசிரியர் ஒருவருக்கு 24.4 என்று வந்தது. பக்கத்திலே பச்சை நிறத்தில் 'சாதாரணம்' என்றும் இருந்தது. "எனக்கு ஒன்றுமில்லை" என்று சந்தோசமாக இன்னொரு ரோல்ஸை எடுத்துக்கொண்டார்.

இரண்டு மாதங்களின் பின் வேறொரு தேவைக்காக இரத்தம் சோதித்தபோது, வெறும் வயிற்றில் அவரது குருதிச் சீனி 148 ஆக இருந்தது. மறுபடியும் சோதித்து, நீரிழிவு என்று வைத்தியர் உறுதிப்படுத்தினார். "அன்று பச்சை காட்டியதே சேர்?" என்று அவர் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கான பதிலாகவே இதனை எழுதுகிறேன்.

உடற்திணிவுச் சுட்டி, அதாவது பீ.எம்.ஐ., எளிமையான ஒரு கணக்கு. கிலோகிராமில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 1.60 மீற்றர் உயரமும் 68 கிலோ நிறையும் உள்ள ஒருவருக்கு 1.60 x 1.60 = 2.56. 68 ஐ 2.56 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 26.6 வரும்.

இந்தச் சூத்திரத்தைத் தந்தவர் வைத்தியர் அல்லர். 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அடோல்ப் கெட்லே என்ற பெல்ஜிய வானியலாளரும் புள்ளிவிபரவியலாளருமே அவர். தனி ஒருவரின் நோயைக் கண்டறிவதற்காக அன்றி, மனிதக் கூட்டங்களின் சராசரியை ஆராயவே அவர் இதனைப் பயன்படுத்தினார். 1972இல் அமெரிக்க உடற்றொழிலியலாளர் அன்செல் கீஸ் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் பொதுவான அளவுகோலில் 18.5 இற்குக் குறைந்தால் நிறை குறைவு. 18.5 முதல் 24.9 வரை சாதாரணம், 25 முதல் அதிக நிறை, 30 முதல் உடற்பருமன். எமது நண்பரின் கைத்தொலைபேசி காட்டிய பச்சை இந்த அளவுகோலின்படியானது.

ஆனால் ஐரோப்பியர் ஒருவருக்கும் தெற்காசியர் ஒருவருக்கும் ஒரே சுட்டி இருந்தாலும், பொதுவாக எம்மவரின் உடலில் கொழுப்பு அதிகம், தசை குறைவு. அந்தக் கொழுப்பும் பெரும்பாலும் வயிற்றுக்குள், ஈரலையும் குடலையும் சுற்றியே சேர்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யவிடாமல் தடுப்பது முக்கியமாக இந்தக் கொழுப்புத்தான். இதனால் 2004இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு, பொதுவான அளவுகோலை வைத்துக்கொண்டே, ஆசிய மக்களுக்கு மேலதிக எச்சரிக்கைப் புள்ளிகளை முன்மொழிந்தது. 23 முதல் ஆபத்து கூடுகிறது, 27.5 முதல் ஆபத்து அதிகம். அப்படிப் பார்த்தால் நண்பரின் 24.4 அன்றே எச்சரிக்கை எல்லையைத் தாண்டியிருந்தது.

இன்னொரு குறைபாடும் உண்டு. தசை எது, கொழுப்பு எது என்று இந்த எண்ணுக்குத் தெரியாது. மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளியின் சுட்டி 26 ஆக இருந்தும் அவர் ஆரோக்கியமாக இருக்கலாம். தசை தேய்ந்துபோன முதியவர் ஒருவர் 22இல் இருந்தும் வயிற்றில் கொழுப்பைச் சுமக்கலாம். கர்ப்பிணித் தாய்மாருக்கும் இந்த அட்டவணையை அப்படியே பொருத்தக் கூடாது.

எனவே சுட்டியோடு இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள். தையல்காரரின் அளவுநாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை. இடுப்பளவு உயரத்தின் பாதியைத் தாண்டக் கூடாது என்பது இன்னும் இலகுவான விதி. எமது நண்பரின் உயரத்தில் பாதி 82.5. அவரது இடுப்போ 97.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வளர்ந்தோரின் அட்டவணையைப் பிள்ளைகளுக்குப் பயன்படுத்தாதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு 17 என்று வந்தால் வளர்ந்தோரின் கணக்கில் அது 'நிறை குறைவு', ஆனால் அந்த வயதுக்கு அது சாதாரணம். வயதுக்கும் பாலுக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடத்தை வைத்தே பிள்ளைகளை மதிப்பிட வேண்டும். வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் நிறையைச் சத்தமாக வாசித்ததால், இடைவேளைச் சாப்பாட்டைத் தொடாமலே வீட்டுக்குக் கொண்டுபோன ஒரு மாணவியை நான் அறிவேன். வீட்டிலே 'குண்டு', 'ஒல்லி' என்று பட்டம் சூட்டுவதும் அதே காயத்தைத்தான் உண்டாக்கும்.

சுட்டி 23ஐத் தாண்டினால் பயந்து பட்டினி கிடக்கத் தேவையில்லை. அதிக நிறை உள்ளவர் தனது நிறையில் 5 முதல் 10 வீதம் குறைத்தாலே குருதிச் சீனிக்கும் அழுத்தத்துக்கும் பலன் கிடைக்கிறது. 68 கிலோ உள்ளவருக்கு அது மூன்றரை முதல் ஏழு கிலோ. சீனி போட்ட தேநீரை ஒன்றிரண்டாகக் குறைப்பது, வலீமா விருந்தில் இரண்டாம் தடவை சோறு வாங்காமல் இருப்பது, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாக நடப்பது என்று தொடங்கலாம்.

35 வயதைக் கடந்தவர்கள் சுட்டி எதுவாக இருந்தாலும் சீனியையும் பிரஷரையும் சோதித்துக்கொள்ளுங்கள். அரச வைத்தியசாலைகளோடு இணைந்த ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இது இலவசம். குடும்பத்துக்காக ஓடியாடும் உம்மாமாரையும் ராத்தாமாரையும் அங்கே அழைத்துச் செல்லுங்கள். தமக்கு வருத்தம் வந்தாலும் கடைசியாகச் சொல்பவர்கள் அவர்கள்தான்.

எமது நண்பர் இப்போது தினமும் பாடசாலைக்கு நடந்தே வருகிறார். கைத்தொலைபேசி காட்டும் நிறத்தைப் பார்த்து அவர் இப்போது திருப்திப்படுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் இரத்தம் கொடுத்துப் பார்க்கிறார்.