முதல் குதிரைக்குத் துடிப்பு வேண்டாம்

அடி அண்ணாமலை வட்டாரத்தில் குதிரை வாங்க நினைப்பவர்களுக்குத் தெரிந்த சந்தைகள் இரண்டு. கார்த்திகை தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தைக்குக் குதிரைகளும் வரும். ஆடியில், அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை. காது நுனி உள்பக்கம் வளைந்த மார்வாரி, கத்தியவார் குதிரைகள் மேளத்துக்கு ஆடினால் போதும், கூட்டம் அங்கேதான் நிற்கும். முதன்முதலாக வாங்குபவரும் அதையே விலை கேட்பார். வினையே அங்குதான்.

தேர்ந்த சவாரிக்காரருக்கு அந்தத் துடிப்பு தேவை. குதிகால் லேசாகப் பட்டாலே பாய வேண்டும்; கடிவாளம் அசைந்தாலே திரும்ப வேண்டும். புதியவர் தடுமாறும்போது கால் தானாக இறுகும், கை கடிவாளத்தை இழுக்கும். ‘ஓடு’, ‘நில்’ இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்ட குதிரை மிரண்டு முன்னங்காலைத் தூக்கும்.

புதியவருக்கு ஏற்றது, 10 வயதைத் தொட்ட, பலரைச் சுமந்து பழகிய குதிரை. காயடித்ததாக இருந்தால் இன்னும் நல்லது. சுமார் 5 வயதில் நிலைப்பற்கள் முழுதாக வந்துவிடும். அதன்பின் வயதைப் பல் தேய்மானம்தான் சொல்லும். அதைப் பார்க்கக் கால்நடை மருத்துவர் உடன் வரட்டும். முதலில் விற்பவரையே ஏறி ஓட்டச் சொல்லுங்கள். லாரி ஹாரனுக்கு மிரள்கிறதா, நான்கு குளம்பையும் தூக்கக் கொடுக்கிறதா என்று கவனியுங்கள். முடிந்தால் மறுநாள் காலையில் இன்னொரு முறை போய்ப் பாருங்கள். நெடுந்தூரம் வந்த களைப்பில், முரட்டுக் குதிரையும் முதல் நாள் சாதுவாக நிற்கும்.