சட்டசபையின் விடுமுறை

சென்ற கோடை விடுமுறையில் நல்லம்பள்ளி வாரச் சந்தைக்குப் போயிருந்தோம். ஆடுகள் விலை பேசும் இரைச்சலிலிருந்து சற்று ஒதுங்கிப் புளியமரத்தடியில் நின்றபோது, பெரியவர் ஒருவர் நம்மைக் கலாசாலை மாணாக்கரென்று அறிந்து, “ஏந் தம்பி, பட்டணத்துல சட்டசபை இப்ப நடக்குதுங்களா?” என்று வினவினார். தம் ஊர்க் குடிநீரைப் பற்றிச் சபையில் கேட்பதாக அங்கத்தினர் வாக்களித்திருந்தாராம். நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பரீட்சைக்கு அரசியல் சாஸ்திரம் பயின்ற நமக்கு விடை தெரியவில்லை. அந்த வெட்கமே இவ்வியாசத்திற்குக் காரணம்.

முதலாவது, சபை தானாகக் கூடுவதில்லை என்பதை அறிதல் வேண்டும். அதனைக் கூட்டுபவர் கவர்னர். அவர் மந்திரிசபையின் ஆலோசனைப்படியே கூட்ட வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2016-ல் அருணாசலப் பிரதேச வழக்கில் தெளிவாக உரைத்தது. ஆகவே, எவரைச் சபை கேள்வி கேட்க வேண்டுமோ அவரே சபை எப்பொழுது கூடுவதென்று நிச்சயிக்கிறார். இவ்விசித்திரத்திற்கு ஓர் எல்லை வேண்டுமன்றோ? அரசியலமைப்புச் சட்டத்தின் 174-ஆம் பிரிவு அவ்வெல்லையை வகுக்கிறது. ஒரு கூட்டத்தொடரின் கடைசி நாளுக்கும் அடுத்த தொடரின் முதல் நாளுக்கும் இடையில் ஆறு மாதம் செல்லலாகாது என்பதே அது. 1950-ல் அச்சட்டம் அமலுக்கு வந்தபோது, ஆண்டிற்கு இருமுறையேனும் சபையைக் கூட்ட வேண்டும் என்ற சொற்களும் அதில் இருந்தன. 1951-ல் செய்த முதல் திருத்தம் அவற்றை நீக்கிவிட்டது. எத்தனை நாள் சபை நடக்க வேண்டுமென்பது அன்றும் எழுதப்படவில்லை, இன்றும் எழுதப்படவில்லை. ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஒரே நாள் கூடிக் கலைந்தாலும் அப்பிரிவு மீறப்பட்டதாகாது.

எழுதாத இடத்தில் வழக்கம் காவல் நிற்கும் என்று முன்னோர் நம்பினர் போலும். அவ்வழக்கம் தேய்ந்த கதையைக் கணக்கே கூறுகிறது. 1952-ல் தொடங்கிய முதல் லோக்சபை தன் ஐந்தாண்டுகளில் 677 நாட்கள் கூடிற்று. 2019 முதல் 2024 வரை இருந்த பதினேழாம் லோக்சபையோ 274 நாட்களே கூடிற்று. மாகாணச் சபைகளின் நிலை இதனினும் மெலிந்தது. பெரிய சபைகள் ஆண்டிற்கு 90 நாட்களும் லோக்சபை 120 நாட்களும் கூட வேண்டுமென்று, நீதிபதி வெங்கடாசலய்யா தலைமையில் அமைந்த கமிஷன் 2002-ல் யோசனை கூறிற்று. யோசனை யோசனையாகவே நின்றது. இங்கிலாந்தில் காமன்ஸ் சபை ஆண்டிற்கு ஏறக்குறைய 150 நாட்கள் கூடுகிறது. அங்கும் 2019-ல் பிரதம மந்திரி போரிஸ் ஜான்சன் பார்லிமெண்டை ஐந்து வாரம் ஒத்திவைக்கச் செய்தார். அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு அவ்வாண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் அச்செயல் சட்டவிரோதம் என்று தீர்த்தது.

குறைவாகக் கூடுவது ஒரு குற்றம். அதைக் குறித்து நம் கட்சியினர் பேசும் பேச்சோ வேறொரு குற்றம். நம் மனத்தை அதிகம் புண்படுத்துவது இப்பின்னதே. எதிர்வரிசையில் இருக்கையில் சபை கூடவில்லையே என்று கண்ணீர் விடுவோர், ஆளும் வரிசைக்கு மாறியவுடன் அக்கண்ணீரை எங்கே வைக்கிறார்களோ அறியோம். 2021-ஆம் ஆண்டுத் தேர்தலில் தி.மு.க. தன் அறிக்கையில் சட்டசபையை ஆண்டிற்கு 100 நாட்களுக்குக் குறையாமல் நடத்துவதாக வாக்களித்து வென்றது, அவ்வெண்ணை எட்டவில்லை. அதை எதிர்க்கட்சியான அ.தி.மு.க. சுட்டிக் கடிந்தது. கடிந்தவர்கள் அதற்குமுன் பத்தாண்டுகள் ஆண்டபோது நூறு நாள் நடத்தினார்களோவெனின், அதுவும் இல்லை.

டில்லியிலும் இதே கூத்துத்தான். 2017-ல் குஜராத்துத் தேர்தலையொட்டிக் குளிர்காலத் தொடர் டிசம்பர் 15 வரை தள்ளிப் போயிற்று. காங்கிரஸ் தலைவி சோனியா காந்தி அதனை வன்மையாகக் கண்டித்தார். மந்திரி அருண் ஜேட்லியோ, காங்கிரஸ் ஆட்சியிலும் தேர்தல்களுக்காகத் தொடர்கள் தள்ளிவைக்கப்பட்டதுண்டு என்று விடையிறுத்தார். நீயும் செய்தாய் என்பது விடையாகுமா? வகுப்பில் இவ்விடை கூறினால் ஆசிரியர் நம்மை இருவராகவே வெளியே நிறுத்துவார். 2010-ல் அலைக்கற்றை விவகாரத்திற்காகக் குளிர்காலத் தொடர் முழுவதையும் நடக்கவொட்டாமல் பாரதிய ஜனதா தடுத்தது. சபையைத் தடுப்பதும் ஜனநாயக முறைகளில் ஒன்றே என்று அக்கட்சித் தலைவர்கள் அந்நாளில் வாதித்தனர். 2015-ல் காங்கிரஸ் அவ்வழியையே பின்பற்றியபோது அவர்களே அதனைப் பழித்தனர்.

சபை கூடினாலும் அங்கத்தினர் வருவதென்ன நிச்சயம்? நம் மாகாணத்தின் இருபெருந் தலைவர்களை எடுத்துக்கொள்வோம். 1989 மார்ச் 25-ல் சபையில் நேர்ந்த அமளியில் அவமதிக்கப்பட்ட ஜெயலலிதா, முதன்மந்திரியாகவே மீண்டும் வருவேனென்று சூளுரைத்துச் சென்றார். அவர்பால் இழைத்தது பெருங்கொடுமை என்பதை மறுப்பாரில்லை. 2011-க்குப் பின் கருணாநிதி, தம் சக்கர நாற்காலிக்கு ஏற்ற இடவசதி இல்லையென்று கூறி, முன்கூடத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுத் திரும்பினார். காரணங்கள் நியாயமாகவே இருக்கலாம். ஆயினும் ஒவ்வொரு கட்சியும் எதிர்க்கட்சித் தலைவர் வராமையை மட்டுமே கண்டது.

கையெழுத்து எதற்கென்று மாணாக்கர் அறிவது நலம். அனுமதியின்றி 60 நாள் வராத அங்கத்தினரின் இடத்தைக் காலியென்று சபை அறிவிக்கலாம் என்பது 190-ஆம் பிரிவு. ஆனால் சபை முடித்துவைக்கப்பட்ட காலமும், தொடர்ந்து நான்கு நாளுக்கு மேல் ஒத்திவைக்கப்பட்ட காலமும் அக்கணக்கிற் சேரா. ஆண்டிற்கு முப்பது நாள் கூடும் சபையில் 60 நாள் வராதிருக்கவும் ஓராண்டு போதாது! நமக்கோ நூற்றுக்கு 75 நாள் வருகையின்றேல் பரீட்சை மண்டபத்தின் வாயிலே திறவாது.

சபை கூடாத நாளெல்லாம் அங்கத்தினர் உறங்குகிறார்கள் என்று நாம் கூறவில்லை. தொகுதி மக்களின் மனுக்களைப் பெறுவதும், சாவுக்கும் கலியாணத்துக்கும் செல்வதும், கமிட்டிகளில் அமர்வதும் வேலையே. எனினும் அவ்வேலையை மற்றவரும் செய்யலாம். மந்திரியை எழுப்பி விடை கூறவைப்பது அங்கத்தினர் ஒருவருக்கே உரிய வேலை. தருமபுரிச் சீமையின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. பல்லிற் பழுப்புக் கறையும் எலும்பில் நோவும் இங்குள்ள பல குடும்பங்களுக்குப் புதியனவல்ல. அது கருதியே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008-ல் அடிக்கல் நாட்டினர். 2013-ல் அது திறக்கப்பட்டது. குழாய் வந்த பின்னரும் நீர் எந்நாள் வரும், எவ்வளவு வரும், கடைக்கோடிச் சிற்றூருக்கு எட்டுமா என்ற கேள்விகள் எழாமலிரா. கேள்வி நேரம் இல்லாத நாளில் அவற்றை எங்கே கேட்பது? மானியக் கோரிக்கைகளை ஒரே நாளில் இரண்டு மூன்றாகத் தள்ளிவிடுங்கால், தொப்பூர்க் கணவாய்ச் சாலை விபத்துக்களைப் பற்றிப் பேச எழும் அங்கத்தினருக்குச் சில நிமிஷங்களே கிட்டும்.

சபை உறங்கும்போது சட்டம் உறங்குவதில்லை என்பது மற்றோர் ஆபத்து. சபை நடவாத வேளையில் அவசரச் சட்டம் பிறப்பிக்க அரசியலமைப்பு இடந்தருகிறது. சபை மீண்டும் கூடிய ஆறு வாரத்தில் அது காலாவதியாகும். பீகாரிலோ 1967 முதல் 1981 வரையில் 256 அவசரச் சட்டங்களைச் சபைமுன் வையாமல் திரும்பத் திரும்பப் பிறப்பித்தனர். சில பதினான்கு ஆண்டு வரை உயிரோடிருந்தன. பூனாவின் பொருளாதார ஆசிரியர் வாத்வா இதனை ஆராய்ந்து வழக்கிட, சுப்ரீம் கோர்ட்டு அவ்வழக்கத்தை 1986-ல் அரசியலமைப்பின்மீது செய்த மோசடியெனக் கண்டித்தது. வேண்டுமாயின் சபை எவ்வளவு விரைவிற் கூடும் என்பதையும் கண்டோம்: 2017 ஜனவரி 21-ல் ஜல்லிக்கட்டு அவசரச் சட்டம் பிறந்தது, 23-ஆம் நாளே சபை கூடி மசோதாவை நிறைவேற்றிற்று. கடற்கரையில் இளைஞர் திரண்டிருந்தனர் என்பதையும் கூடவே நினைக்க வேண்டும்.

காவிரிக்கு அக்கரையிலுள்ள கர்நாடகம், ஆண்டிற்கு 60 நாட்களேனும் சபை கூட வேண்டுமென்று 2005-ல் சட்டமே இயற்றிற்று. இயற்றிய சபையே பெரும்பாலான ஆண்டுகளில் அதனை நிறைவேற்றவில்லை. இருந்தும், சட்டம் இருப்பதால் எத்தனை நாள் குறைந்ததென்று அங்குள்ள பிரஜை ஒருவர் எண்ணிச் சொல்லவாவது இயலும். நம் பக்கத்தில் எண்ணுவதற்கு ஓர் அளவுகோலும் இல்லை.

ஊர் திரும்புமுன் அப்பெரியவரை மறுபடி தேடினோம். ஆடுகளை விற்றுவிட்டு அவர் போயிருந்தார்.