வகுப்பு நடந்தது யாருடைய கணினியில்?

2020 மார்ச்சில் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டதும், பேராதனையில் படித்த பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலோ மன்னார்க் கிராமத்திலோ இருந்துகொண்டு விரிவுரை கேட்க, கைத்தொலைபேசிக்கு ரீலோட் போட்டாக வேண்டும். காணொளி வகுப்போ டேட்டாவை விழுங்கும். நாட்கூலியில் ஓடும் வீடுகளுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

இதற்கு வழி கண்டது 'லேர்ன்'. இலங்கையின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு அது. 1990 அளவில் பல்கலைக்கழகங்களுக்கு இடையே மின்னஞ்சல் அனுப்பும் முயற்சியாகத் தொடங்கியது. இன்று அதன் இயக்க மையம் இருப்பது கண்டிக்கு அருகே, பேராதனைப் பல்கலைக்கழகத்தில்.

மேகக் கணிமை என்றால் வேறொருவருடைய கணினியை இணையம் வழியாக வாடகைக்கு எடுப்பது. இந்த வகுப்புகள் நடந்த ஸூம் காணொளிச் சேவையும் அப்படிப்பட்டதுதான். வழக்கமாக அதன் காணொளி வெளிநாட்டிலுள்ள அந்த நிறுவனத்தின் கணினிகள் வழியாகவே போய்வரும். அந்த முகவரிகளை உலகமே பயன்படுத்துவதால், எது விரிவுரை, எது உறவினர் அரட்டை என்று தொலைபேசி நிறுவனங்களால் பிரித்தறிய முடியாது. ஆகவே விரிவுரைக்கு மட்டும் கட்டணத்தை நீக்கவும் முடியாது.

லேர்ன் ஸூமைக் கைவிடவில்லை. முழுதாக அதனிடம் ஒப்படைக்கவும் இல்லை. கணக்கும் மென்பொருளும் ஸூமுடையவை. காணொளியைச் சுமந்த சேவையகங்களைத் தன் வலையமைப்புக்குள் வைத்துக்கொண்டது. இதனால் வகுப்புப் போக்குவரத்து லேர்னின் முகவரிகளுக்குள் அடங்கியது. அந்த முகவரிகளுக்குக் கட்டணம் வேண்டாம் என்று தொலைபேசி நிறுவனங்கள் இணங்கியதும், மாணவர்கள் காசின்றி விரிவுரை கேட்டார்கள். சிக்னல் கிடைக்காத மலைத்தோட்டங்களின் குறையை இது தீர்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும், எந்தத் தொழில்நுட்பம் புதியது என்று பார்க்காமல், கடைசி மாணவியின் கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்று பார்த்து எடுத்த முடிவு இது. தொழில்நுட்பத் தலைமை என்று நான் மதிப்பது இதைத்தான்.

எல்லாவற்றையும் நாமே வைத்துக்கொள்வதுதான் நல்லது என்று இதற்குப் பொருளில்லை. 2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. கடையின் பின்னறையில் சேவையகம் வைத்திருப்பவர் டீசலுக்கு வரிசையில் நின்றிருப்பார். அதே ஆண்டு மார்ச்சில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 300ஐ நெருங்கியது. வெளிநாட்டு மேகத்துக்கு டொலரில் வாடகை கட்டியவரின் செலவு, ஒரு கோப்புக்கூடக் கூடாமலே ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. இரண்டு பக்கமும் அடி விழுந்தது. கணக்குப் புத்தகத்தை எங்கே வைப்பது, வாடிக்கையாளர் பார்க்கும் தளத்தை எங்கே வைப்பது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே தீர்மானிப்பதே இங்கு நடைமுறைக்கு ஒத்துவரும்.

எங்கே வைத்தாலும் காப்புப் பிரதி இல்லையென்றால் எதுவும் மிஞ்சாது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரச மேகத்தை, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் தாக்கியது. அங்கிருந்த மின்னஞ்சல் மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. புதுப்பிக்கும் வேலை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இணைப்பிலேயே வைத்திருந்த காப்புப் பிரதியும் சேர்ந்து பூட்டப்பட்டது. தாக்குதலுக்கு முந்தைய சில மாதங்களுக்கு, இணைப்பிலிருந்து துண்டித்து வைத்த பிரதி இல்லை. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். மக்களின் விண்ணப்பங்களையும் கடிதங்களையும் ஏற்கும் ஓர் அரசுக்கு இது சிறிய இழப்பல்ல.

கண்டியில் கடை, விடுதி, தனியார் வகுப்பு நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கணக்குகளின் பிரதியொன்றை இந்த மாதமே வெளி வன்தட்டில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். பிறகு அதை வேறொரு கணினியில் திறந்து, கோப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.