முட்டைக் கோழிக்கு வேண்டும் வெளிச்சக் கணக்கு

ஐப்பசி, கார்த்திகையில் பகல் சுருங்கியதும், நன்றாக முட்டையிட்டு வந்த கோழிகள் முட்டையைக் குறைப்பதுண்டு. தீவனத்தில் குறையில்லை, நோயும் இல்லை என்றால், கோழிகளைக் கறிக்கு விற்குமுன் கொட்டகையின் வெளிச்சத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

கோழியின் பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் இடையே, மண்டையோட்டை ஒட்டினாற்போல் பினியல் என்னும் சிறு சுரப்பி உள்ளது. இருட்டியதும் இச்சுரப்பியில் ஒரு நொதி வேகம் பெற்று, செரோடோனின் என்ற பொருளை மெலடோனினாக மாற்றுகிறது. வெளிச்சம் பட்டதும் இவ்வேலை அடங்கிவிடும். இரவின் நீளத்தை உடலுக்கு அறிவிக்கும் கடிகாரம் இதுவே. மாட்டின் பினியல் சுரப்பியிலிருந்து மெலடோனினை 1958-ல் பிரித்தெடுத்தவர் அமெரிக்க விஞ்ஞானி ஆரோன் லெர்னர்.

முட்டையிடத் தூண்டும் உத்தரவோ மூளையின் அடிப்பகுதியிலிருந்து பிறக்கிறது. மண்டையோட்டை ஊடுருவி வரும் ஒளியை அங்குள்ள செல்கள் உணர்கின்றன. அதனால் பிட்யூட்டரி சுரப்பி தூண்டப்பட்டு, சினைப்பை வேலை செய்கிறது. கண் தெரியாத கோழியும் ஒளிக்கேற்ப முட்டையிடுவது இதனால்தான்.

முட்டைக் கோழிக்கு நாளொன்றுக்கு 16 மணி நேர வெளிச்சம் தேவை. நாமக்கல் பகுதியில் பகல் ஆனியில் சுமார் 12¾ மணி, மார்கழியில் சுமார் 11½ மணி. மீதியை விளக்கால் ஈடு செய்ய வேண்டும்.

முட்டையிடும் பருவம் நெருங்கும்போது விளக்கைத் தொடங்கி, வாரம் அரை மணி வீதம் கூட்டி 16 மணிக்குக் கொண்டு வரலாம். பின்னர் அதிகாலை 4 மணி முதல் விடியும் வரையும், பொழுது சாய்ந்தது முதல் இரவு 8 மணி வரையும் விளக்கு எரியட்டும். தீவனத் தொட்டியருகே செய்தித்தாள் படிக்கும் அளவு வெளிச்சம் போதும். பல்பின் தூசியை அவ்வப்போது துடையுங்கள்.

வளரும் குஞ்சுகளுக்கு வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள். பருவத்திற்குமுன் முட்டையிட்டால் முட்டை சிறுக்கும். குடல் தள்ளும் தொல்லையும் வரும். முட்டையிடும் கோழிகளுக்கோ வெளிச்சத்தைக் குறைக்கவே கூடாது. ஒரு நாள் 16 மணி, மறுநாள் 12 மணி என்று மாறினால் கோழியின் கடிகாரம் குழம்பும். இறகு உதிர்த்து முட்டையை நிறுத்திவிடவும் கூடும். மின்வெட்டு உள்ள ஊர்களில் பாட்டரி விளக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இரவு முழுவதும் விளக்கெரிப்பதும் வீண். எட்டு மணி நேர இருட்டு கோழிக்கு ஓய்வு. உங்களுக்கு மின்கட்டணமும் மிச்சம்.