கம்பி கழன்ற பிறகு...

கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கிறார்கள். "கொஞ்சம் சிரிங்க!" என்கிறார் போட்டோக்காரர். வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் சிரிக்கிறார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் மட்டும் உதட்டை இறுக்க மூடிக்கொண்டு, புன்னகை மாதிரி ஏதோ ஒன்று செய்கிறாள். பிறகு ஆல்பத்தைப் புரட்டும் பாட்டி, "இவளுக்கு யார்மேல் கோபம்?" என்று கேட்கிறாள். கோபமும் இல்லை, தாபமும் இல்லை. முன் பல் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. அதுதான் சங்கதி.

இப்படி ஒரு பெண் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். என் அக்காள் வீட்டில் இருக்கிறாள். அவள் விஷயத்தில் விசேஷம் என்னவென்றால், அவளுக்கு ஏற்கெனவே ஒரு முறை பல்லுக்குக் கம்பி கட்டியாகிவிட்டது! பதின்மூன்றாவது வயதில் கட்டிய கம்பியைப் பதினைந்தாவது வயதில் கழற்றினார்கள். பல் வரிசை முத்துக் கோத்த மாதிரி ஆயிற்று. அன்று சாயங்காலம் பாட்டி உப்பும் மிளகாயும் எடுத்துத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். அதே பெண் பத்தொன்பதாவது வயதில் மறுபடியும் வாயை மூடிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறாள்.

இது எப்படி நேர்ந்தது? பீரோவின் மேல் தட்டில், வளையல் பெட்டிக்குப் பின்னால், ஒரு நீல டப்பி அகப்பட்டது. அதைத் திறந்து பார்த்தபோதுதான் எங்களுக்கு விஷயம் விளங்கிற்று. டப்பியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், சகோதரிகளே, பல்லுக்குக் கம்பி கட்டுவது என்றால் என்ன என்று கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

பல் நகருமா?

"எலும்பிலே ஊன்றிய பல், பாறையிலே நட்ட தூண் மாதிரி ஆயிற்றே! அது எப்படி நகரும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பல் எலும்போடு ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்ப் படலம் ஒன்று இருக்கிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூட இராது. கம்பி ஒரு பக்கமாக மெதுவாகத் தள்ளும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. ஒரு பக்கம் சுவரை இடித்துக்கொண்டே மறுபக்கம் கட்டிக்கொண்டு போகும் மேஸ்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வேலை செய்வார். அவரை அவசரப்படுத்தி அழுத்தத்தைக் கூட்டினால் பல்லின் வேர் தேய்ந்துபோகலாம். சாதாரணமாக ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் என்று டாக்டர்கள் கணக்குச் சொல்வது இதனால்தான்.

இந்த யோசனை நேற்று முளைத்ததல்ல. 1728-ல் பாரிஸ் நகரத்துப் பல் வைத்தியர் பியேர் ஃபோஷார் வெளியிட்ட புத்தகத்தில், துளையிட்ட உலோகப் பட்டை ஒன்றோடு பற்களை நூலால் கட்டி வரிசைப்படுத்தும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. 1899-ல் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்தும் விதத்தை வகை பிரித்து எழுதினார். இன்றைக்கும் டாக்டர்கள் அந்த வகைப்படிதான் குறித்துக்கொள்கிறார்கள். ஆங்கிள் காலத்தில் தங்கக் கம்பி உபயோகித்தார்கள்! இப்போது தங்கத்துக்குப் போகவேண்டியதில்லை. எவர்சில்வர் கம்பி இருக்கிறது. நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பி ஒன்றும் இருக்கிறது. எப்படி வளைத்தாலும் மெல்ல மெல்லத் தன் பழைய வடிவத்துக்கே திரும்பும் குணம் அதற்கு உண்டு. அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிச்சாலையில் பிறந்த அந்த உலோகம், 1970-களில் பல் வைத்தியத்துக்கு வந்து சேர்ந்தது.

யாருக்கு வேண்டும்? எப்போது வேண்டும்?

தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்று நம்மில் சொல்வதுண்டு. தெத்துப்பல் தெரியச் சிரிக்கும் முகத்துக்குத் தனி அழகு உண்டு என்பதும் வாஸ்தவம். சற்றே கோணலான ஒரு பல்லால் தொந்தரவும் இல்லை, அந்தப் பெண்ணுக்குச் சங்கோசமும் இல்லை என்றால், அதை அப்படியே விட்டுவிடலாம். ஆனால் பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு பிரஷ் நுழைய இடமில்லாமல் இருந்தாலோ, மேல் பல் வெகுவாக முன்னால் துருத்தியிருந்தாலோ, கீழ்ப் பல் மேல் அண்ணத்தில் குத்தினாலோ டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். துருத்திய பல் உள்ள குழந்தை விளையாட்டில் குப்புற விழுந்தால் முதலில் அடிபடுவது அந்தப் பல்தான்.

குழந்தைக்கு ஏழு வயதாகும்போது ஒரு முறை பல் வரிசையைப் பரிசோதித்துவிடுவது நல்லது. ஆறு வயதை ஒட்டி முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைத்துவிடுவதால், வரிசை எப்படி அமையும் என்று டாக்டருக்கு ஓரளவு தெரியும். ஏழு வயதில் காட்டுவது என்றால் ஏழு வயதிலேயே கம்பி கட்டுவது என்று பயந்துவிடாதீர்கள். அநேகம் பேருக்குப் பதினொன்றிலிருந்து பதினாலு வயதுக்குள் கட்டுகிறார்கள். விரல் சூப்புகிற வழக்கத்தை மட்டும் நாலு வயதுக்குள் அன்பாகப் பேசி மறக்கடித்துவிட வேண்டும். "விழப்போகிற பால் பல்தானே" என்று சொத்தையை அலட்சியம் செய்வதும் கூடாது. பால் பல் காலத்துக்கு முன்னால் போய்விட்டால், பக்கத்துப் பல் அந்தக் காலி இடத்தில் சாய்ந்துகொள்ளும். பின்னால் வரும் பல் எங்கே உட்காரும்?

"எனக்கு நாற்பது வயதாகிவிட்டதே!" என்கிறீர்களா? ஈறும் எலும்பும் ஆரோக்கியமாக இருந்தால் நாற்பதிலும் பல் நகரும்.

நெருக்கம் அதிகமாக இருந்தால் சில பற்களை எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்வார். உடனே வீட்டுப் பெரியவர்கள், "மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்!" என்று தடுப்பார்கள். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. பார்வைக்கு உரிய நரம்பு வேறு. எட்டுப் பேர் உட்காரும் பெஞ்சியில் பத்துப் பேர் உட்கார்ந்தால் இரண்டு பேர் எழுந்திருக்கத்தானே வேண்டும்?

யாரிடம் போவது? பி.டி.எஸ். படிப்புக்குப் பிறகு பல் வரிசைச் சீரமைப்புக்கென்றே மூன்று வருஷம் எம்.டி.எஸ். படித்தவர்கள் இருக்கிறார்கள். "நீங்கள் அந்தப் படிப்புப் படித்தவர்தானா?" என்று தைரியமாகக் கேட்கலாம், தப்பில்லை. செலவுக்குப் பயப்படுகிறவர்கள் பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளை விசாரிக்கலாம். சென்னையில் 1953-ல் தொடங்கிய அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கென்று தனிப் பிரிவே உண்டு. அங்கெல்லாம் பணத்தைக் காட்டிலும் பொறுமைதான் அதிகம் வேண்டும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். முன் பல் இடைவெளியை மூடுவதற்கு வீட்டிலேயே ரப்பர் வளையம் மாட்டிக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். அந்த வளையம் வழுக்கி ஈறுக்குள் ஏறி, வேரைச் சுற்றியுள்ள எலும்பை அரித்துவிடும். இடைவெளியை மூடப் போய்ப் பல்லையே இழந்தவர்கள் உண்டு.

சமையலறையும் கண்ணாடியும்

கம்பி கட்டிய முதல் நாலைந்து நாள் பல் வலிக்கும், கடிக்க முடியாது. இந்த விஷயத்தில் நம் சமையல் ரொம்ப உபகாரம். இட்லி, இடியாப்பம், குழைந்த ரசஞ்சாதம், தயிர்ச் சாதம் இருக்கும்போது என்ன குறை? கம்பி உரசிக் கன்னத்தில் புண்ணானால், டாக்டர் கொடுக்கும் மெழுகை உரசுகிற இடத்தில் வைத்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் ஆறிவிடும்.

பகை எல்லாம் பட்சணத் தட்டில்தான் இருக்கிறது. முறுக்கு, தட்டை, சீடை, கடலை மிட்டாய், கரும்பு, ஐஸ் கட்டி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பொரிவிளங்காய் உருண்டை! இவற்றைக் கடித்தால், பல்லின்மேல் ஒட்டியிருக்கும் சின்னப் பொத்தான் பெயர்ந்து வரும். 'பிராக்கெட்' என்று டாக்டர்கள் சொல்வது அதைத்தான். பெயர்ந்தால் அந்தப் பல்லின் பிரயாணம் அதோடு நின்றுவிடும். ஆகையால் உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அடுத்த மாதம் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். கொய்யாவையும் ஆப்பிளையும் சின்னத் துண்டாக நறுக்கிக் கொடுங்கள். சாம்பார் மஞ்சளால் வெள்ளை ரப்பர் வளையம் மஞ்சளித்தால் கவலை வேண்டாம். அடுத்த முறை டாக்டர் வளையத்தை மாற்றிவிடுவார்.

பல் தேய்ப்பதில்தான் உண்மையான சிரத்தை வேண்டும். விரலில் பல்பொடி தொட்டுத் தேய்த்தால் கம்பிக்குள் போகாது. மென்மையான பிரஷ், ஃப்ளூரைடு கலந்த பற்பசை, கம்பிக்கடியில் நுழையும் குட்டிப் பிரஷ், எதிரே ஒரு கண்ணாடி - இவை போதும். ஒவ்வொரு ஆகாரத்துக்குப் பிறகும் பொத்தானுக்கு மேலும் கீழுமாகத் தேய்க்கவேண்டும். இதை அலட்சியம் செய்தவர்களுக்குக் கம்பி கழற்றும் நாளில் ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். பல் நேராகத்தான் இருக்கும். ஆனால் பொத்தான் இருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு தீற்றிய மாதிரி வெள்ளைத் திட்டு தெரியும். அது சொத்தையின் முதல் அடையாளம்.

கம்பி கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று நினைப்பவர்களுக்குக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் உறைகள் வந்திருக்கின்றன. எல்லாக் கோணலையும் அவை சரிசெய்யும் என்று சொல்ல முடியாது. ஒரு நாளில் இருபத்திரண்டு மணி நேரம் போட்டுக்கொண்டிருந்தால்தான் அவை வேலை செய்யும். ஞாபக மறதிக்காரர்களுக்குக் கம்பியே மேல்!

நீல டப்பிக்குள் இருந்தது

இப்போது அந்த டப்பிக்கு வருவோம். அதில் இருந்தது 'ரிடெய்னர்' என்னும் சின்னத் தட்டு. கம்பியைக் கழற்றிய பிறகு, பல் திரும்பிப் போகாமல் பிடித்து வைப்பதற்காகப் போட்டுக்கொள்வது. பல்லைச் சுற்றியுள்ள நார்கள் இழுத்த ரப்பர் மாதிரி. புது இடம் பழகும் வரையில் பல்லைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். ஈறில் உள்ள நார்கள் அடங்குவதற்குச் சுமார் ஒரு வருஷம்கூட ஆகும். அதற்குப் பிறகும் வயது ஏற ஏறக் கீழ் முன் பற்கள் நெருங்குவது இயற்கை. ஆகவே, டாக்டர் சொல்கிறபடி முதலில் பகலும் இரவும், பிறகு இரவில் மட்டும் என்று தட்டைப் போட்டுவர வேண்டும். "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டால், "பல் நேராக இருக்கவேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்படுகிறீர்களோ அத்தனை நாளைக்கு" என்பதுதான் பதில்.

என் அக்காள் மகள் முதல் மாதம் ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டாள். தட்டுடன் பேசியபோது 'ச' எல்லாம் 'ஷ' ஆயிற்று. அது சில நாளில் சரியாகிவிடும். ஆனால் வகுப்பில் தோழிகள் சிரித்தார்கள். பகலில் போடுவதை நிறுத்தினாள். பரீட்சை வந்தது, ராத்திரியும் மறந்தாள். இரண்டு மாதம் கழித்து எடுத்துப் போட்டுப் பார்த்தபோது தட்டு பல்லில் ஏறவில்லை.

அன்றைக்கே சொல்லியிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். புதிதாக அச்சு எடுத்து வேறு தட்டுச் செய்திருப்பார்கள். ஏன் சொல்லவில்லை?

"எப்படிச் சொல்வேன், சித்தி? அம்மா கை வளையலை அடகு வைத்துத்தானே எனக்குக் கம்பி கட்டினாள்?" என்றாள்.

அந்த வளையலை மீட்டுக்கொண்டு வந்து வைத்த பெட்டிக்குப் பின்னால்தான், பயந்துகொண்டு, டப்பியை ஒளித்து வைத்திருக்கிறாள். நாலு வருஷம் அது அங்கேயே இருந்தது. பல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போயிற்று. நாங்கள் யாரும் கேட்கவில்லை. கம்பி கழன்றது, வைத்தியம் முடிந்தது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டோம். அக்காள் அவளைக் கோபிக்கவில்லை. "நான் ஒரு நாளாவது கேட்டிருக்க வேண்டாமா?" என்று தன்னைத்தான் நொந்துகொண்டாள்.

இப்போது மறுபடியும் கம்பி கட்டியிருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்குள் முடிந்துவிடும் என்கிறார் டாக்டர். இந்தத் தடவை வேடிக்கை என்னவென்றால், பெண் கம்பி தெரியவே சிரிக்கிறாள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் எடுத்த போட்டோவில் அவள் சிரிப்புத்தான் பளிச்சென்று இருக்கிறது.

உங்கள் வீட்டில் கம்பி கழற்றிய பிள்ளை யாராவது இருந்தால், இன்று இரவு படுக்கப்போகும் முன் தட்டு எங்கே என்று கேளுங்கள். அதட்டிக் கேட்காதீர்கள். தட்டைப் பச்சைத் தண்ணீரில்தான் கழுவவேண்டும், வெந்நீர் பட்டால் நெளிந்துவிடும் என்று சொல்லிக்கொடுங்கள். ஹோட்டலில் காகிதத்தில் சுற்றி வைத்தால் எச்சில் இலையோடு போய்விடும் என்றும் சொல்லுங்கள். முக்கியமாக, "தொலைந்தாலும் உடைந்தாலும் என்னிடம் சொல்லு, வேறு செய்துகொள்ளலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

பீரோவின் மேல் தட்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்!