போலி மருந்துப் போத்தலும் நமது காவலும்

நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து அதன் தரத்தைச் சொல்லிவிடலாம். மாட்டின் பல்லைப் பார்த்து வயதைச் சொல்லிவிடலாம். ஆனால் கடையில் வாங்கும் மருந்துப் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பதை எந்தக் கமக்காரராலும் கண்ணால் கண்டறிய முடியாது. போத்தலில் ஒட்டியுள்ள தாளை நம்பியே நாம் பணம் கொடுக்கிறோம். இந்த நம்பிக்கையையே கடத்தல்காரரும் போலி மருந்து செய்வோரும் தமது முதலாக்கிக் கொள்கின்றனர்.

இடம்பெயர்ந்து குத்தகைக் காணியில் பயிரிடும் குடும்பங்களுக்கும், தமது காணிக்குத் திரும்பிப் புதிதாகக் கமம் தொடங்கியோருக்கும் இது சிறிய விடயமன்று. நகையை அடகு வைத்து விதைத்த காலபோகம் போலி மருந்தினால் அழிந்துபோனால், சிறுபோகத்துக்கு முதல் இல்லை. அடகு வைக்க நகையும் இல்லை.

கள்ளச் சந்தை எவ்வாறு உருவாகிறது?

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பீடைகொல்லிப் பதிவாளரிடம் பதிவு செய்யப்படாத மருந்தை இலங்கைக்குள் கொண்டுவரவோ விற்கவோ முடியாது. மிகக் கொடிய நச்சு மருந்துகள் சில காலத்துக்குக் காலம் தடை செய்யப்பட்டன. மொனோகுரோட்டோபொஸ் 1995இலும் எண்டோசல்பான் 1998இலும் தடைப்பட்டன. இத்தகைய தடைகளினால் நஞ்சருந்தி இறப்போர் தொகை வெகுவாகக் குறைந்தது.

ஆயினும் மாற்று வழி எதுவும் ஆயத்தமாகாமல் திடீரெனக் கதவு மூடப்படும்போது கள்ளச் சந்தை வளர்கிறது. 2021 மே மாதத்தில் இரசாயன உரங்களினதும் பீடைகொல்லிகளினதும் இறக்குமதி நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அரசாங்கம் அதனைக் கைவிட நேர்ந்தது. கடையில் பொருள் இல்லை, வயலில் பூச்சி இருக்கிறது என்ற நிலையில், என்ன விலையானாலும் வாங்க ஆள் உண்டு. மன்னார், கற்பிட்டிக் கரைகளில் பீடி இலை, மஞ்சள் என்பவற்றைப் போலவே பீடைகொல்லிகளும் கடற்படையினரால் கைப்பற்றப்பட்டுள்ளன.

இது ஒருவர் செய்யும் தொழிலன்று. படகோட்டுபவர், கரையில் இறக்குபவர், பதுக்கி வைப்பவர், தாள் அச்சிடுபவர், போத்தலில் நிரப்புபவர், விற்பவர் எனச் சங்கிலி நீளுகிறது. பிடிபடுபவர் பெரும்பாலும் படகில் நின்ற கூலியாளே. பணம் போட்டவர் தூரத்தில் இருப்பார்.

அரசும் வர்த்தகரும் கைகோர்த்தால்

இச்சங்கிலியை அரசு தனியே அறுக்க முடியாது. சோதனையிடவும் வழக்குத் தொடரவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் உண்மையான போத்தலின் மூடி, முத்திரை, தொகுதி இலக்கம் எவை, எந்தத் தொகுதி எந்த ஊருக்கு அனுப்பப்பட்டது என்பன தயாரித்த கம்பனிக்கே தெரியும். கம்பனிக்கு இவ்வறிவு உண்டு. எவரையும் கைது செய்யும் அதிகாரம் இல்லை. இரண்டும் சேரும்போதே பயன் கிடைக்கிறது.

ஐரோப்பாவில் இது செய்து காட்டப்பட்டுள்ளது. 2015இல் யூரோபோல் என்னும் ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பு ‘வெள்ளிக் கோடரி’ என்ற பெயரில் நடவடிக்கை ஒன்றைத் தொடங்கியது. சுங்கமும் பொலிசாரும் துறைமுகங்களில் சோதனையிட, மருந்துக் கம்பனிகள் போலியை இனங்காண உதவின. அவ்வாண்டு 190 தொன் சட்டவிரோத மருந்துகள் பிடிபட்டன. 2020இல் பிடிபட்டவை 1,300 தொன்னுக்கும் அதிகம்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். கம்பனிகள் தமது சந்தையையும் காக்கவே முன்வருகின்றன. பெயர் பெற்ற கம்பனியின் மருந்து அல்ல என்பதனால் மட்டும் ஒரு மருந்து போலியாகிவிடாது. முறையாகப் பதிவு செய்யப்பட்டிருந்தால் மலிவான மருந்தும் நல்ல மருந்தே. எது போலி என்பதைத் தீர்மானிக்க வேண்டியது சட்டமேயன்றிக் கம்பனியன்று.

நாம் செய்யக்கூடியவை

போத்தல் கடைசியாக வந்து சேருவது கமக்காரர் கையில். ஆகவே அவரது காவல் இல்லாமல் மற்ற இருவரின் காவலும் முழுமை பெறாது.

1. தாளில் பதிவிலக்கம், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி உண்டா எனப் பாருங்கள். தமிழில் அறிவுறுத்தல் இல்லாத போத்தலை வாங்காதீர்கள்.

2. பற்றுச்சீட்டுக் கேளுங்கள். கடனுக்கு வாங்குவோர் கேட்கத் தயங்குகின்றனர். முதலாளி கோபித்தால் அடுத்த போகத்துக்குக் கடன் இல்லை என்ற அச்சம். இதனாலேயே கமக்காரர் அமைப்பு மூலம் சேர்ந்து வாங்குவது நல்லது. ஒருவர் கேட்கத் தயங்குவதை இருபது பேர் சேர்ந்து கேட்கலாம்.

3. சந்தேகமான மருந்தை முழு வயலுக்கும் அடிக்காதீர்கள். மிச்சத்தைப் போத்தலோடு மூடி வைத்து, பற்றுச்சீட்டுடன் விவசாயப் போதனாசிரியரிடம் அறிவியுங்கள்.

4. வெற்றுப் போத்தலை எவருக்கும் விற்காதீர்கள். அது போலி மருந்து நிரப்பத் திரும்பிப் போகலாம். மூன்று முறை கழுவி, கழுவிய நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றி, போத்தலைத் துளையிட்டுப் பயனற்றதாக்குங்கள். வீட்டுப் பாவனைக்கு ஒருபோதும் எடுக்க வேண்டாம்.

ஏமாந்தவர் வெட்கப்பட்டு மௌனமாயிருந்தால் அதே போத்தல் நாளை அடுத்த வயலுக்குப் போகும். அடுத்த கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் இவ்விடயத்தை எடுத்துப் பேசுங்கள். வரும் போகத்து மருந்தைச் சேர்ந்து வாங்குவதா என்பதையும் அன்றே தீர்மானியுங்கள்.