தாத்தாவின் விளக்கும் நாலு வாயு மீட்டரும்

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கிணறு தூர்வாரும் நாளில், தாத்தா முதலில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார். விளக்கு அணைந்தால் அன்றைக்கு யாரும் இறங்கக்கூடாது. பிராணவாயு குறைந்ததை விளக்கு காட்டிவிடும். ஆனால் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆளைக் கொல்லும் அளவுக்கு இருந்தாலும் அது எரிந்துகொண்டுதான் இருக்கும். அதனால்தான் இன்று நம் கையில் நாலு வாயு மீட்டர்.

ஈப்போவில் சாலையோர வால்வு குழி ஒன்றில் கசிவு பார்க்க வேண்டும். "குடிதண்ணீர்க் குழிதானே, சாக்கடையா என்ன?" என்று கேட்காத புது ஆள் இல்லை. மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும் குழியில், துருப்பிடிக்கும் இரும்புக் குழாய் பிராணவாயுவைத் தின்றுவிடும். வாடை எதுவும் இருக்காது. பிராணவாயு அளவு 6 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பும்.

அடைபட்ட இடங்களில் வேலை செய்வதற்கான மலேசியாவின் 2010ஆம் ஆண்டு நடைமுறை விதித்தொகுப்பின்படி, பெர்மிட் எழுதாமல் யாரும் இறங்கக்கூடாது. குழாயின் வால்வை அடைத்துப் பூட்டி, சாவியை மேற்பார்வையாளர் வைத்துக்கொள்வார்.

லாரிப் புகைக்குத் தள்ளி, சுத்தமான காற்றில் மீட்டரை முடுக்குங்கள். குழியின் மூடியைச் சற்றே நகர்த்தி, மீட்டரின் உறிஞ்சு குழாயை மேல், நடு, அடி என்று இறக்குங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது; அடியில் தங்கும். ஒவ்வொரு மட்டத்திலும் எண் அசையாமல் நிற்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். குழாய் நீளமானால் காற்று மேலே வந்து சேர நேரமாகும். அவசரக்காரர்கள் தவறுவது இங்கேதான். முதலில் பார்க்க வேண்டியது பிராணவாயு: 19.5 முதல் 23.5 சதவீதம். அது குறைந்தால் எரிவாயு எண்ணையும் நம்ப முடியாது. எரிவாயு, தீப்பற்றும் கீழ்வரம்பில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கார்பன் மோனாக்சைடு 25 பிபிஎம், ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம். மூக்கை நம்பாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு ஏறத்தாழ 100 பிபிஎம் ஆனதும் அது மரத்துப்போய், அழுகிய முட்டை வாடையே தெரியாமல் போய்விடும்.

புளோவர் குழாயை அடிவரை விட்டுக் காற்றடித்த பிறகு, மறுபடியும் அளக்க வேண்டும்.

இறங்குபவருக்கு ஹார்னஸ், அதன் கயிறு குழிக்கு மேல் நிறுத்திய முக்காலியின் வின்ச்சில். மேலே நிற்பவர் தண்ணீர் குடிக்கக்கூட நகரக்கூடாது. கீழே இருப்பவர் சுருண்டால் வின்ச்சைச் சுற்றித் தூக்கி, உதவிக்குக் கூப்பிட வேண்டும். தம்பியே உள்ளே கிடந்தாலும் பின்னால் குதிக்கக்கூடாது. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். அடைபட்ட இடங்களில் சாவோரில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986இல் எழுதியது.

கிந்தா பள்ளத்தாக்கில் பிற்பகல் மழை சொல்லிக்கொண்டு வராது. முதல் துளி விழுந்ததுமே ஆளை மேலே ஏற்றுங்கள். பதிவுத்தாளில் அவர் பெயருக்கு நேரே வெளிவந்த நேரத்தை எழுதிவிட்டு, அதன்பிறகு மூடியைத் தள்ளுங்கள்.